1969 கமாரோவின் அசல் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸிலைக் கண்டறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க மசில் கார் (வலுவான இன்ஜின் பூட்டிய கார்) ஒன்றைப் புதுப்பிக்க இறங்குபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பெயின்ட்டும் துருவும்தான். வண்டியின் உண்மையான மதிப்பு அடியில் இருக்கிறது: இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் ஆலையில் பொருத்தியவைதானா என்பதில். எல்லாக் கம்பெனி வண்டிகளையும் ஒரே மூச்சில் விளக்க முடியாது. அதனால் 1969 செவ்ரோலே கமாரோவை, அதிலும் அதிகமாகப் போலி நடமாடும் இசட்/28 வகையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஃபோர்டு, கிரைஸ்லர், போன்டியாக் வண்டிகளுக்கும் ஒரு கேள்வி உண்டு.

படிக்கும் முன் இரண்டு விஷயம். உலோகத்தில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். இடது, வலது என்றால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது வரும் இடது, வலது. அமெரிக்க வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால், வலது என்பது பயணி பக்கம்.

"மேட்சிங் நம்பர்" என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அதன் பொருள் என்ன?

வண்டியின் வின் எண்ணில் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) ஒரு பகுதி இன்ஜின் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் பஞ்ச் அடிக்கப்பட்டிருக்கும். அது டேஷ்போர்டில் உள்ள வின் தகட்டோடு ஒத்துப்போனால் மேட்சிங் நம்பர். அதாவது இந்த இன்ஜின் இந்த வண்டியோடுதான் ஆலையை விட்டு வெளியே வந்தது என்று பொருள். 1968 மாடலிலிருந்து இந்த வழக்கம் பெரும்பாலான அமெரிக்க வண்டிகளில் நிலைத்தது.

விற்பவர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். வார்ப்பு எண் சரியாக இருந்தாலே மேட்சிங் என்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. வார்ப்பு எண் என்பது ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளுக்கும் பொதுவானது. அது சரியாக இருந்து, தேதியும் வண்டிக்கு முந்தையதாக இருந்து, வின் பஞ்ச் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அதைத் "தேதி பொருந்திய" பாகம் என்று சொல்ல வேண்டும். இதுவும் மதிப்புள்ளதுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வின் எண்ணைப் பார்த்தாலே எந்த இன்ஜின் வந்தது என்று தெரியாதா?

1969 கமாரோவில் தெரியாது. குழப்பமெல்லாம் தொடங்குவது இங்கேதான். 124379 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 1 செவ்ரோலே. 24 என்றால் வி8 கமாரோ (ஆறு சிலிண்டர் என்றால் 23). 37 என்றால் இரண்டு கதவு கூபே, 67 என்றால் கன்வர்ட்டிபிள். 9 என்றால் 1969. அடுத்து வரும் எழுத்து ஆலையைச் சொல்லும்: 'என்' என்றால் ஒஹாயோவின் நார்வுட், 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண்.

எட்டு சிலிண்டர் என்பதைத் தாண்டி இன்ஜினைப் பற்றி இந்த எண்ணில் ஒரு சொல் கிடையாது. சாதாரண 307 (கன அங்குலக் கொள்ளளவு) இன்ஜின் வண்டிக்கும் இசட்/28-க்கும் முதல் ஆறு இலக்கம் ஒன்றே. செவ்ரோலே தன் வின் எண்ணில் இன்ஜின் குறியீட்டைச் சேர்த்தது 1972-ல்தான். 1969-ல் உருவான இசட்/28 வண்டிகள் 20,302. இன்று சாலையில் இசட்/28 பட்டையும் பேட்ஜும் போட்டுத் திரிபவை எல்லாமே அந்தக் கணக்கைச் சேர்ந்தவை என்று நம்பிவிட முடியாது.

இன்ஜினில் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

நான்கு இடம். முதலாவது வார்ப்பு எண். சிறிய பிளாக் வி8-ல் இது பின்புறம், கியர்பாக்ஸ் கூடு வந்து சேரும் விளிம்பின் இடப்பக்கம் மேலே, புடைத்த எழுத்தாக இருக்கும். 1969 இசட்/28-ன் 302 இன்ஜினுக்கு 3932386, 3956618 ஆகியவையும், பிற்பகுதி வண்டிகளுக்கு 3970010-ம் சரியானவை. மூன்றிலும் 302-க்கு உரியது நான்கு போல்ட் மெயின் பேரிங் மூடி.

இரண்டாவது வார்ப்புத் தேதி. அதே பின் விளிம்பின் வலப்பக்கம் பாருங்கள். பெரிய பிளாக் 396, 427 இன்ஜின்களில் தேதி வேறு இடத்தில், வலப்பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒட்டி இருக்கும். அங்கே போகாமலே "தேதி இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது, எல்லாரும் "பேட்" என்று சொல்லும் இடம். வலது சிலிண்டர் ஹெட்டுக்கு நேர் முன்னால், பிளாக்கின் மேல்தளம் சிறிது நீண்டு தட்டையாக இருக்கும். 1969-ல் ஆல்டர்னேட்டரை வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டதால் அது இந்த இடத்தை மறைக்கும். கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி நகர்த்துங்கள். அங்கே இன்ஜின் ஆலையின் எழுத்து, மாதம், நாள், கடைசியில் இரண்டெழுத்துக் குறியீடு என ஒரு வரி இருக்கும். 'வி 0313 டிஇசட்' என்றிருந்தால், மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் ஆலையில் மார்ச் 13 அன்று பூட்டப்பட்ட இன்ஜின் என்று அர்த்தம். 'டிஇசட்' 1969 இசட்/28-ன் 302-க்கு மட்டுமே உரியது. இந்த ஒரு குறியீட்டுக்காகத்தான் இத்தனை போலிகள்.

நான்காவது வின் பஞ்ச். '19என்' என்று தொடங்கி அதன்பின் வரிசை எண் வரும். 1 செவ்ரோலே, 9 வருடம், 'என்' நார்வுட். இது பேடிலேயே இருக்கலாம். 1969 வண்டிகள் பலவற்றில் அங்கே இருக்காது. கீழே, ஆயில் ஃபில்டருக்கு மேலே, வழவழப்பாக்காத வார்ப்புப் பரப்பில் அடித்திருப்பார்கள். சொரசொரப்பான இடம், மேலே ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு. பேடில் இல்லையே என்று ஏமாந்து ஒரு அசல் இன்ஜினைக் கைவிட்டவர்கள் உண்டு.

தேதியை எப்படிப் படிப்பது? கடைசி இலக்கம் 9 என்றால் 1969 என்று உறுதியாகச் சொல்லலாமா?

வார்ப்புத் தேதியில் முதலில் மாத எழுத்து. 'ஏ' ஜனவரி, 'பி' பிப்ரவரி என்று போய் 'எல்' டிசம்பரில் முடியும். அடுத்து நாள், அதற்கடுத்து வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். 'சி 5 9' என்றால் மார்ச் 5, வருடம் 9-ல் முடிவது.

எந்த 9 என்பதுதான் பிரச்சினை. 3970010 என்ற வார்ப்பை 1969 முதல் 1979 வரை கார்களிலும் டிரக்குகளிலும் கணக்கில்லாமல் பயன்படுத்தினார்கள். 1979 பிக்கப் டிரக்கிலிருந்து வந்த பிளாக்கும் அதே எண்ணோடு, அதே 9-ஓடு நிற்கும். அங்கே கைகொடுப்பது பேட்: 1969-ல் இரண்டெழுத்துக் குறியீடு, 1970 மாடலிலிருந்து மூன்றெழுத்து. பேடைச் சீவிவிட்டுப் புதிதாக 'டிஇசட்' அடிக்க வசதியான பிளாக் என்று பலர் தேடுவதும் இதே 3970010-ஐத்தான். அந்த எண்ணைப் பார்த்தால் இன்னும் நிதானமாகப் பாருங்கள்.

8-ல் முடியும் தேதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1969 கமாரோ உற்பத்தி 1968 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. அடுத்த மாடல் தாமதமானதால் 1969 நவம்பர் வரை நீண்டது. இலையுதிர்கால வண்டிக்கு 1968 தேதியிட்ட பாகங்கள்தான் சரி.

பாகங்களின் தேதிக்கும் வண்டியின் தேதிக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கலாம்?

பாகம் செய்து முடித்த பிறகுதான் வண்டியில் ஏற முடியும். ஆகவே எல்லாத் தேதியும் வண்டிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பாகத்தின் தேதி வண்டிக்குப் பின்னால் போனாலும் அது பிறகு வந்து சேர்ந்ததுதான். இதில் சமரசமே கிடையாது.

வண்டியின் தேதியை இன்ஜின் அறைக்குள், ஃபயர்வாலில் (இன்ஜின் அறையையும் உள்ளிருக்கையையும் பிரிக்கும் தடுப்பு) இடப்பக்கம் இருக்கும் சிறு தகடு சொல்லும். '03டி' என்றால் மார்ச் நான்காவது வாரம். நம் உதாரணத்தை ஓட்டிப் பாருங்கள். பிளாக் மார்ச் 5 அன்று மிச்சிகனின் சாகினா வார்ப்பாலையில் உருவாகிறது. மார்ச் 13 அன்று ஃபிளின்ட்டில் இன்ஜினாகப் பூட்டப்படுகிறது. பின் ஆக்ஸிலில் மார்ச் 18. கியர்பாக்ஸ் இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் மார்ச் 10 அன்று தயாராகிறது. எல்லாம் சரக்கு வண்டியேறி நார்வுட் வந்து, மாதக் கடைசியில் ஒரு வண்டியாகின்றன. இப்படி ஒழுங்காக நடந்திருந்தால் அந்த வண்டியை நம்பலாம். சில வாரங்கள் முன்பின் ஆவது சகஜம். கலிஃபோர்னியாவின் வான் நைஸுக்குப் போகும் தூரம் அதிகம் என்பதால் அங்கே இடைவெளி கூடும். பல மாதம் முந்திய பாகம் என்றால் கேள்வி கேட்க வேண்டும், ஆனால் உடனே தள்ளிவிடக் கூடாது. கையிருப்பில் கிடந்த பாகங்களும் உண்டு.

அந்தத் தகட்டில் இன்னொரு நல்ல தடயம். 1968 டிசம்பர் வாக்கிலிருந்து நார்வுட் ஆலை அதில் 'எக்ஸ்' குறியீடு அடித்தது. எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28. எக்ஸ்22, எக்ஸ்66 இரண்டும் எஸ்எஸ் 396 (396 இன்ஜின் கொண்ட கமாரோ வகை). வான் நைஸ் வண்டிகளில் இது கிடையாது. அங்கே உருவான வண்டியில் எக்ஸ் குறியீடு இருந்தால் தகடே போலி.

பேடில் இருக்கும் பஞ்ச் அசலா, பின்னால் அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேடில் எழுத்துகளை விட முக்கியமானது எழுத்துகளுக்கு அடியில் இருக்கும் பரப்பு. செவ்ரோலே ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தை ஒரு பெரிய புரோச்சிங் இயந்திரம் ஒரே இழுப்பில் சீவும். அப்போது முன்னிருந்து பின்னாக, கிராங்க் ஷாஃப்ட்டுக்கு இணையாக மெல்லிய நேர்கோடுகள் பதிந்துவிடும். அந்தக் கோடுகளுக்கு மேல்தான் எண்கள் அடிக்கப்பட்டன. அசல் பேடில் கோடுகள் எழுத்தின் இரு பக்கமும் தொடர்ந்து ஓடும், எழுத்தின் குழியில் அறுபடும்.

பின்னாளில் ரீபோர் செய்யும்போது மேல்தளத்தையும் மில்லிங் போட்டிருந்தால் கோடுகள் வளைவாக, வட்டமாக மாறியிருக்கும், அல்லது மொத்தமாக மறைந்து கண்ணாடி போல வழுக்கும். அப்படிப்பட்ட பரப்பில் பளிச்சென்று எண் இருந்தால் அது மில்லிங்குக்குப் பிறகு அடித்தது. வேறு வழியே இல்லை. கெட்டிக்காரப் போலிகள் உப்புத்தாளை நேராக இழுத்து செயற்கைக் கோடு போடுவார்கள். அந்தக் கோடு பேடோடு நின்றுவிடும், ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு கிடைத்தால் கேஸ்கெட் அடியில் இருக்கும் பரப்பையும் பேடையும் ஒப்பிடுங்கள். பிளாக்கைச் சீவாத வரை அங்கே அதே கோடுகள் தொடர வேண்டும்.

அடுத்தது கை. இன்ஜின் குறியீட்டை அடித்தது ஃபிளின்ட்காரர். வின் பஞ்ச் அடித்தது பல நாள் கழித்து, நார்வுட்டில், வேறொருவர், வேறு பஞ்ச் செட் வைத்து. எனவே இரண்டு வரிகளின் எழுத்து வடிவம், ஆழம், சாய்வு வேறுபட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில், கோடு போட்ட நோட்டில் எழுதியது போல இருந்தால் ஒரே ஆள் ஒரே நாளில் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அதே ஆலையில் அதே மாதம் உருவான, ஐயமற்ற இரண்டு மூன்று வண்டிகளின் பேடுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 3, 9 போன்ற இலக்கங்களின் வளைவை ஒப்பிடுங்கள். அசல் பஞ்ச் கோணலாக, ஒரு பக்கம் ஆழமாக, ஒரு பக்கம் மங்கலாக இருப்பது சாதாரணம். அழகாக இல்லை என்பதற்காக யாரும் அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

பிசுக்கும் துருவும் மூடியிருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

வயர் பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் மூன்றையும் தூர வையுங்கள். புரோச்சிங் கோடுகள் மயிரிழை ஆழம்தான். ஒரு நிமிடம் கிரைண்டர் பட்டால் ஐம்பது வருடச் சாட்சியம் போய்விடும், அப்புறம் உண்மையான இன்ஜினைக்கூட உண்மை என்று நிரூபிக்க முடியாது. பிரேக் கிளீனர் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பழைய பல்துலக்கி வைத்து மெதுவாகத் தேயுங்கள். பெயின்ட் பூசியிருந்தால் பெயின்ட் ரிமூவர். எண் தெரிந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் கோடுகள் தெரியாது. படமெடுத்தபின் லேசாக எண்ணெய் தடவிவிட்டால் மறுபடி துரு பிடிக்காது.

கியர்பாக்ஸ் அசலா என்று பார்ப்பது எப்படி?

இசட்/28-க்கு நான்கு கியர் மேனுவல் மட்டும்தான் கொடுத்தார்கள், ஆட்டோமேட்டிக் கிடையாது. அந்த நான்கு கியர் பெட்டிக்கு மன்சி என்றே பெயர். 1969-ல் அதன் அலுமினிய முதன்மைக் கூட்டின் வார்ப்பு எண் 3925661.

வலப்பக்கம், முதன்மைக் கூடும் வால் கூடும் சேரும் இடத்தை ஒட்டி இரண்டு பஞ்ச் தேடுங்கள். ஒன்று வின் பகுதி, இன்ஜினில் உள்ளது போலவே. இன்னொன்று தேதி: மன்சி ஆலைக்கான எழுத்து, வருட இலக்கம், மாத எழுத்து, நாள், கடைசியில் ஓர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்து மன்சியின் மூன்று வகையில் எது என்று சொல்லும்: ஆங்கில வரிசையின் முதல் எழுத்து என்றால் எம்20, இரண்டாவது என்றால் எம்21, மூன்றாவது என்றால் எம்22.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கியர்பாக்ஸில் மாத எழுத்துகள் பிளாக்கில் உள்ளது போல வரிசையாக ஓடுவதில்லை. ஜனவரி முதல் மே வரை 'ஏ' முதல் 'இ' வரை சரியாக வரும். ஜூனிலிருந்து தாவும்: ஜூனுக்கு 'ஹெச்', ஜூலைக்கு 'கே', ஆகஸ்டுக்கு 'எம்', செப்டம்பருக்கு 'ஓ'-வுக்கு அடுத்து வரும் எழுத்து, அக்டோபருக்கு 'ஆர்', நவம்பருக்கு 'எஸ்', டிசம்பருக்கு அதற்கடுத்த எழுத்து. 'கே' என்பதைப் பிளாக் கணக்கில் நவம்பர் என்று படித்துவிட்டால் ஜூலை கியர்பாக்ஸ் ஒன்றைக் காரணமில்லாமல் ஒதுக்கிவிடுவீர்கள்.

உள்ளே இருப்பது வெளியே சொன்னதுதானா என்பது தனிக் கேள்வி. கூடு அசலாக இருக்க, பல்சக்கரங்கள் மாறியிருக்கலாம். இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரிகளை ஒட்டிச் சுற்றுக்காடி இருக்கிறதா பாருங்கள்: 1966-லிருந்து எம்20-க்கு இரண்டு காடி, எம்21-க்கு ஒன்று, எம்22-க்கு இல்லை. முதல் கியர் விகிதம் எம்20-ல் 2.52, மற்ற இரண்டிலும் 2.20. எம்22-ன் பற்களில் சாய்வு குறைவு. அதனால் வலு அதிகம், சத்தமும் அதிகம். "ராக் கிரஷர்" என்ற பட்டப்பெயர் அந்த இரைச்சலால் வந்தது. காடியை லேத்தில் போட்டுப் பொய் சொல்ல வைக்கலாம், பல்லின் சாய்வை அப்படி மாற்ற முடியாது. பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால்?

எஸ்எஸ் 396 போன்றவற்றில் டர்போ 400 என்ற ஆட்டோமேட்டிக் பெட்டி வரும். வலப்பக்கம் ஒரு சிறு உலோகத் தகடு ரிவிட் அடித்திருக்கும். அதில் வருடமும் மாடல் எழுத்துகளும் இருக்கும். வின் பஞ்ச் கூட்டிலேயே இருக்கும். தகடு கழன்று வேறு பெட்டிக்குப் போகக்கூடியது என்பதால் வின் பஞ்ச்சையே நம்புங்கள். வண்டிக்கு அடியில் நுழைந்து தூரத்திலிருந்தே அடையாளம் காண ஆயில் பேன் உதவும்: டர்போ 350-ன் பேன் ஒரு மூலை வெட்டிய சதுரம், டர்போ 400-ன் பேன் ஒழுங்கற்ற வடிவம்.

பின் ஆக்ஸிலில் என்ன பார்ப்பது?

முதலில் மூடியின் போல்ட்டை எண்ணுங்கள். வலுவான இன்ஜின் வந்த கமாரோக்களுக்கு 12 போல்ட் ஆக்ஸில். கிரவுன் வீலின் விட்டம் 8.875 அங்குலம். சாதாரண வண்டிக்கு 10 போல்ட். இசட்/28 என்று சொல்லும் வண்டியின் அடியில் 10 போல்ட் இருந்தால் ஆக்ஸில் மாறியிருக்கிறது, அல்லது வண்டியே இசட்/28 இல்லை.

அடுத்து வலப்பக்கக் குழாயின் முன்புறம் தேடுங்கள். இரண்டெழுத்து விகிதக் குறியீடு, மாதம், நாள், ஆலையின் எழுத்து ஆகியவை அங்கே பஞ்ச் அடிக்கப்பட்டிருக்கும். பிளாக் போல இங்கே வின் எண் கிடையாது. ஆக்ஸிலைப் பொறுத்தவரை தேதியும் குறியீடும் பொருந்துவதுதான் உச்சபட்ச ஆதாரம். "வின் மேட்சிங் ஆக்ஸில்" என்று ஒருவர் கமாரோவை விற்றால், அவர் சொல்லும் மற்றவற்றையும் இரண்டு முறை சரிபாருங்கள்.

குழாயில் எழுதியதும் உள்ளே இருக்கும் கிரவுன்-பினியனும் ஒன்றா? இழுவைப் பந்தயக்காரர்கள் விகிதத்தை அடிக்கடி மாற்றினார்கள். மூடியைக் கழற்றினால் கிரவுன் வீலின் ஓரத்தில் பல் எண்ணிக்கை இருக்கும்: 41-க்கு 11 என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10. இசட்/28-ன் வழக்கமான விகிதம் 3.73. கழற்றாமல் பார்க்க, பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே திசையில் சுற்றினால் பாசிட்ராக்ஷன் (இரு சக்கரத்துக்கும் இழுவை தரும் டிஃபரன்ஷியல்). எதிர்த்திசை என்றால் சாதா டிஃபரன்ஷியல். பாசிட்ராக்ஷனில் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது டிரைவ் ஷாஃப்ட் மூன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் 3.73. சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு சுற்று சுற்றி எண்ணுங்கள்.

ஷெவெல் (செவ்ரோலேயின் இன்னொரு மாடல்) வண்டியின் 12 போல்ட்டை யாராவது மாற்றிப் பூட்டியிருக்கிறார்களா என்பதும் எளிதில் தெரியும். ஷெவெலுக்குச் சுருள் ஸ்பிரிங், அதனால் நடுக்கூட்டின் மேல் கை பூட்டும் காதுகள் இருக்கும். கமாரோவுக்குப் பட்டை ஸ்பிரிங், காதுகள் தேவையில்லை.

கார்புரேட்டர், ஹெட், மேனிஃபோல்டு எல்லாம்கூட அசலாக இருக்க வேண்டுமா?

இருந்தால் பெரும் பேறு. 302-க்கு ஹாலி கார்புரேட்டர், முன்புறக் கழுத்தில் லிஸ்ட் எண் 4053, ஜெனரல் மோட்டார்ஸ் எண் 3923289. அதனருகில் மூன்று இலக்கத் தேதி: வருடம், மாதம், மாதத்தின் எத்தனையாவது வாரம். 932 என்றால் 1969 மார்ச் இரண்டாம் வாரம். ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் வந்த வண்டிகளில் எண் 702 என்று தொடங்கும். நான்காவது இலக்கம் 9 என்றால் 1969. அதன் தேதி வேறு மாதிரி: முதல் மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள், நான்காவது வருடம்.

அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டுக்கு 3932472. சிலிண்டர் ஹெட்டின் முனையில் இரட்டைத் திமில் போன்ற அடையாளம் இருக்கும். வார்ப்பு எண்ணையும் தேதியையும் பார்க்க வால்வ் மூடியைக் கழற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளைப் பலர் முதல் வருடத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டு ஹெடர் பூட்டினார்கள். அவை தொலைந்திருந்தால் வருந்த வேண்டாம், தேதி பொருந்தியவை தேடினால் கிடைக்கும். கிளட்ச், பிரஷர் பிளேட் தேய்ந்து மாறும் பொருட்கள். அவற்றில் அசலைத் தேடி நேரம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேடில் 'சிஇ' என்று இருக்கிறது. போலியா?

இல்லை. உத்தரவாதக் காலத்தில் இன்ஜின் போனால் செவ்ரோலே டீலர் மூலம் கொடுத்த மாற்று பிளாக் அது. 'சிஇ'-க்கு அடுத்து வருட இலக்கம், பின் வரிசை எண் இருக்கும். 302-ஐ ஓட்டியவர்கள் அதை மிதமாக ஓட்டவில்லை, ஆகவே இசட்/28-களில் இது அபூர்வமல்ல. மேட்சிங் நம்பர் என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டியின் வரலாற்றில் நேர்மையான ஒரு பக்கம். அதைச் சீவி 'டிஇசட்' அடித்துவிட எண்ணுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அசல் இன்ஜின் போய்விட்டது. வண்டியை வாங்கலாமா? எண்ணைப் புதிதாக அடித்துக்கொள்ளலாமா?

வாங்கலாம், விலை அதற்கேற்ப இருந்தால். சரியான வார்ப்பு எண்ணும் வண்டிக்குச் சில வாரம் முந்திய தேதியும் கொண்ட பிளாக்கைத் தேடிப் பூட்டி, அது மாற்று பிளாக் என்று எழுதியும் வைத்தால் அது மதிப்பான புதுப்பிப்பு.

புதிதாக வின் பஞ்ச் அடிப்பதைச் செய்யவே செய்யாதீர்கள். "ஆலை செய்ததை மறுபடி செய்கிறேன், அவ்வளவுதான்" என்ற வாதம் காதில் விழும். நீங்கள் நல்ல எண்ணத்தோடு அடித்தாலும் வண்டி கைமாறும்போது உங்கள் எண்ணம் கூடவே போகாது, எண் மட்டும் போகும். இரண்டு கை தாண்டினால் அது ஒரு மோசடி. தவிர, வின் எண்ணை அழிப்பதும் திருத்துவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.

காகித ஆதாரம் ஏதாவது கிடைக்குமா?

அமெரிக்காவில் விற்ற 1969 கமாரோவுக்கு, வண்டி எண்ணைக் கொடுத்தால் இன்ஜினைச் சொல்லும் ஆலைப் பதிவு கிடைக்காது. கனடாவில் புதிதாக விற்ற வண்டி என்றால் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவிடம் ஆவணம் உண்டு. அதனால்தான் கனடா வண்டிகளுக்குத் தனி மவுசு.

மற்றபடி இரண்டு பொருளைத் தேடுங்கள். ஒன்று, உத்தரவாதப் புத்தகத்தோடு கொடுத்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறு உலோக அட்டை. வின், இன்ஜின் குறியீடு, கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் அதில் இருக்கும். இதிலும் போலி உண்டு, அதனால் உலோகத்தில் கண்டதோடு ஒப்பிட்டே நம்புங்கள். இன்னொன்று, ஆலைத் தொழிலாளர்கள் பார்த்துப் பூட்டிய பில்டு ஷீட். பெட்ரோல் டேங்கின் மேல்புறம், சீட் ஸ்பிரிங்குகளுக்கு இடையில் சில நேரம் சிக்கியிருக்கும். டேங்கை இறக்கும் நாளில் அவசரப்படாமல், இரண்டு பேர் பிடித்து மெதுவாக இறக்குங்கள். நொறுங்கும் நிலையில் இருக்கும் அந்தக் காகிதம் எந்த உதிரிபாகத்தையும் விட விலை உயர்ந்தது.

ஃபோர்டு, கிரைஸ்லர், போன்டியாக் வண்டிகளுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான், விவரம் வேறு. கிரைஸ்லர், ஃபோர்டு இரண்டிலும் வின் எண்ணே இன்ஜினைச் சொல்லிவிடும் என்பது பெரிய ஆறுதல். 1970 பிளைமவுத், டாட்ஜ் வண்டிகளில் ஐந்தாவது இடத்தில் 'ஆர்' இருந்தால் 426 ஹெமி, 'வி' இருந்தால் மூன்று கார்புரேட்டர் 440. 1969 மஸ்டாங்கில் 'ஆர்' என்றால் ராம் ஏர் கொண்ட 428 கோப்ரா ஜெட், 'ஜி' என்றால் பாஸ் 302, 'இசட்' என்றால் பாஸ் 429. கிரைஸ்லர் பிளாக்கில் வார்ப்புத் தேதி மாதம், நாள், வருடம் என்று முழுதாகவே இருக்கும்.

ஃபோர்டு பாகத்தில் 'சி9இசட்இ' என்பது போலத் தொடங்கும் எண் இருக்கும். 'சி' அறுபதுகள், 9 வருடம், 'இசட்' மஸ்டாங், 'இ' இன்ஜின் பிரிவு. அது வடிவமைத்த வருடத்தைச் சொல்வது, வார்த்த தேதி அல்ல. 1970 வண்டியில் 'சி9' பாகம் இருப்பது இயல்பு. தேதி தனியாக '9சி12' என்பது போல வரும்: வருடம், மாதம், நாள். ஃபோர்டு மாத எழுத்துகளில் 'ஐ'-யை விட்டுவிடும், ஆகவே செப்டம்பருக்கு 'ஜே'. செவ்ரோலேயில் அதே செப்டம்பர் 'ஐ'. 1967-லிருந்தான ஃபோர்டு வண்டிகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். ஃபோர்டின் சொந்தப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

போன்டியாக்குக்கு பிஎச்எஸ் எனப்படும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ், ஆலைப் பதிவின் நகலைத் தரும். 1964, 1965 ஜிடிஓ வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் பணம் கொடுக்கவே கூடாது. அந்த இரண்டு வருடமும் ஜிடிஓ என்பது லெமான்ஸ் வண்டிக்கு ஒரு கூடுதல் ஆப்ஷன்தான், வின் எண்ணில் அதன் தடமே இருக்காது. 1966-லிருந்துதான் 242 என்ற தனி எண் வந்தது.

இன்ஜினை ரீபோருக்கு அனுப்பப் போகிறேன். முன்கூட்டி என்ன செய்ய வேண்டும்?

முதலில் எல்லா எண்ணையும், எல்லாத் தேதியையும் படமெடுங்கள்: வண்டியில் இருக்கும்போது ஒரு முறை, வெளியே எடுத்தபின் ஒரு முறை. பேடை வண்டியோடு சேர்த்துக் காட்டும் படம் பின்னாளில் விற்கும்போது பெரிய பலம்.

பட்டறைக்காரரிடம் வாய்ப்பேச்சாகச் சொன்னால் போதாது. வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பேடின் மேல் பட்டையான டேப் ஒட்டி "தொடாதே" என்று எழுதிவிடுங்கள். மேல்தளத்தைச் சீவுவது பல பட்டறைகளில் ரீபோரோடு தானாகவே நடக்கும் வேலை. உண்மையில் தளம் கோணியிருக்கிறதா என்று அளந்து, தேவையில்லை என்றால் சீவவே வேண்டாம். தேவை என்றால், ஹெட் கேஸ்கெட் முடியும் இடத்தோடு கட்டரை நிறுத்தச் சொல்லுங்கள். பேட் கேஸ்கெட்டுக்கு வெளியே இருப்பதால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அப்படி நிறுத்த முடியாது என்று சொல்லும் பட்டறைக்குப் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

ரசாயனத் தொட்டியில் ஊறவைத்துச் சுத்தம் செய்வதில் பிரச்சினை இல்லை. பேடின் மேல் மணல் பீய்ச்சுவது மட்டும் வேண்டாம். செவ்ரோலே ஆரஞ்சு அடிக்கும்போது பேடின் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பெயின்ட் காய்ந்தபின் எடுத்து, எண்ணெய் தடவிவிடுங்கள்.